நிறுத்திய பிக்கப்பில் பேட்டரி இறங்குகிறதா? அறிகுறி பார்த்துத் தேடும் வழி

சனிக்கிழமை காலை மீன் இறக்கிவிட்டு நிறுத்திய வண்டி. செவ்வாய்க்கிழமை விடிகாலை 3 மணிக்குப் பாம்பன் கரையில் ஆள் காத்திருக்கிறார், சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி எடுத்துக்கொண்டு போவேன். ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் பேட்டரி ஏறிவிடும். அடுத்த வாரம் மறுபடி அதே கதை. பார்த்தவர்கள் எல்லாரும் “பேட்டரி போச்சு, மாத்திருங்க” என்றார்கள். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். மூலக் கோளாறு இரண்டிலும் இல்லை. நிறுத்தி வைத்த வண்டியில் கரண்ட் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது, அதை யாரும் அளக்கவில்லை, நானும்தான்.

அதனால் பேட்டரிக் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியதை, வண்டி காட்டும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். 12 வோல்ட் பேட்டரி உள்ள எந்தப் பிக்கப்புக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு. சாவியை எடுத்த பின்னும் வண்டி கொஞ்சம் கரண்ட் குடிக்கத்தான் செய்யும். இஞ்சின் கம்ப்யூட்டர், ரேடியோவின் கடிகாரம், சென்ட்ரல் லாக் இருந்தால் அது. எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் என்றால் வழக்கமான செலவு. 50 மில்லி ஆம்பியர் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் ஆகும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு ஆம்பியர் அவர்). 75 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அது கொசுக்கடி. அதுவே 500 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12, மூன்றே நாளில் பாதி காலி. டீசல் இஞ்சினைச் சுற்றுவதற்கு மீதிப் பாதி பல சமயம் போதாது. ஆகவே வண்டி எத்தனை மணி நேரம் நின்றால் படுக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். பாதித் திருடனை அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.

‘டிக்’ சத்தம் வருகிறது, ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது

இது பெரும்பாலும் ஒழுகல் இல்லை. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம்.

12.6 இருந்தும் செல்ஃப் சுற்றவில்லையா? ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கட்டையிலும் மறு முனையை இஞ்சின் உடம்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைனஸிலிருந்து இஞ்சினுக்கும் சேஸிக்கும் போகும் எர்த் கேபிள்தான் குற்றவாளி. கடற்கரை வண்டிகளில் இது மிக சகஜம். வெளியே கறுப்பு உறை பளபளவென்று இருக்கும், உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். கேபிளை மாற்றி, சேஸியில் அது உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பூட்டுங்கள். இதே சோதனையை பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் முனைக்கும் நடுவிலும் செய்து பாருங்கள்.

ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாலே 12.3தான் காட்டுகிறது

சார்ஜ் ஏறவில்லை. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டால் 13க்குக் கீழே விழுந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், அப்புறம் டைனமோவை. ஆல்டர்னேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். நம் பக்கம் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் வராது, நானும் டைனமோ என்றே எழுதிவிடுகிறேன்.

கரையில் படகுக்குக் காத்திருக்கும்போது கேபின் ஃபேன், பாட்டு, இரண்டு போனுக்குச் சார்ஜ் என்று இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர்களும் உண்டு. அதற்கு மீட்டர் தேவையில்லை.

மீட்டரை எப்படிப் போடுவது

மேலே சொன்ன இரண்டும் சரி என்றால் இனி கரண்டை அளக்க வேண்டும். முதலில் பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள். இறங்கின பேட்டரியை வைத்து அளந்தால் குழப்பம்தான். ஏற்றும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும், பீடி வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

சாவியை எடுத்துவிடுங்கள். எல்லாக் கதவும் சாத்தியிருக்க வேண்டும். ஃபியூஸ் பெட்டிக்காகக் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால், கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கேபின் லைட் எரியும், நீங்கள் அதையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

கழற்றுவது எப்போதும் மைனஸைத்தான். பிளஸ்ஸில் கை வைத்து ஸ்பேனர் பாடியில் பட்டால் வாணவேடிக்கை. மைனஸ் கேபிளைக் கழற்றியதும் மீட்டரை உடனே போடாதீர்கள். 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சுற்றி, கட்டைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஆம்பியர் கணக்கில் ஓடுகிறது, மீட்டர் இல்லாமலே தேடலாம். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ மீட்டரை எடுக்கலாம்.

கறுப்பு வயர் ‘காம்’ துளையில், சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில், திருகு டிசி 10 ஆம்பியரில். மில்லி ஆம்பியர் துளையில் குத்திவிட்டால் மீட்டரின் உள் ஃபியூஸ் போகும். மலிவு மஞ்சள் மீட்டர்களில் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அதனால் மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பவோ ஹார்ன் அடிக்கவோ கூடாது. வீட்டு வயரிங் பார்க்கிறவர் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்கி வந்து வயரில் மாட்டிப் பார்க்காதீர்கள். அதில் பெரும்பாலானவை ஏசியை மட்டும்தான் அளக்கும், நம் வண்டியில் பூஜ்யம் காட்டும்.

ஒரு நுணுக்கம். மைனஸைக் கழற்றி மறுபடி தொட்டவுடன் வண்டியின் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு நிறைய கரண்ட் இழுக்கும். கட்டைக்கும் கேபிளுக்கும் நடுவில் இரு முனையிலும் கிளிப் உள்ள வயரைப் போட்டு, அதோடு மீட்டரையும் போட்டு, 30, 40 நிமிடம் விட்டுவிடுங்கள். டீ குடித்து வந்த பின் கிளிப் வயரை மட்டும் எடுத்தால், தூங்குகிற வண்டி குடிக்கும் உண்மைக் கணக்கு மீட்டரில் நிற்கும். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

ஒரே ராத்திரியில் சுத்தமாகப் படுத்துவிடுகிறது

ஆம்பியர் கணக்கில் எங்கோ எரிகிறது. இருட்டிய பின் வண்டியைப் பூட்டிவிட்டுச் சுற்றி வாருங்கள். பிரேக் லைட் எரிகிறதா? பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. பெடல் மேலே வரும்போது அதை அழுத்துவது ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் பொட்டு. வெயிலில் இறுகி அது பொடிந்து விழுந்தால் பிரேக் லைட் அணையவே அணையாது. 21 வாட் பல்பு இரண்டு என்றால் 3.5 ஆம்பியர், 10 மணி நேரத்தில் 35 ஆம்பியர் அவர். மிதியடியில் உடைந்த பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் தேடலே முடிந்தது. பொட்டின் விலை பேட்டரி விலைக்குப் பக்கத்திலேயே வராது.

டீசல் வண்டியில் இன்னொரு சந்தேகம் ஹீட்டர் பிளக் ரிலே, அதாவது அந்தப் பிளக்குக்குக் கரண்ட் விடும் தானியங்கி சுவிட்ச். உள்ளே ஒட்டிக்கொண்டால் பேட்டரி ராத்திரி முழுக்கக்கூடத் தாங்காது. பானட்டைத் திறந்து ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள். நின்று இரண்டு மணி நேரம் ஆன வண்டியில் எந்த ரிலேயும் சூடாக இருக்கக் கூடாது.

இரண்டு மூன்று நாள் நின்றால் படுக்கிறது

மீட்டரில் 200, 400, 600 மில்லி ஆம்பியர் என்று ஏதாவது நிற்கும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழி என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மறுபடி ஃபியூஸைக் குத்தும்போது தூங்கின கம்ப்யூட்டர் எழுந்துவிடும், மறுபடி அரை மணி நேரம். அதைவிட நல்ல வழி, ஃபியூஸைப் பிடுங்காமலே அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் பொட்டிலும் மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்துத் தொடுவது. 0.0 என்றால் அந்த வழியில் ஒன்றும் ஓடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய முக்கால் மில்லிவோல்ட் தெரியும். எந்த ஃபியூஸில் எண் வருகிறதோ அதை மட்டும் பிடுங்கி உறுதிசெய்துகொள்ளுங்கள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைத்த ஃபியூஸ் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுங்கள்.

கம்பெனி போட்ட வயரிங்கில் இப்படி ஒழுகுவது குறைவு. பின்னால் நாம் போட்டதுதான் பெரும்பாலும்: பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயர், ஏர் ஹார்ன், முன் கண்ணாடியில் சீரியல் லைட், தவணைக்கு வாங்கிய வண்டியில் பைனான்ஸ்காரர் பூட்டிய ஜிபிஎஸ். இவை சாவியோடு சேராமல் நேரே பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால் ராத்திரியும் விழித்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணைப் பாருங்கள்.

அளந்தால் ஒன்றும் இல்லை, வண்டி மட்டும் படுக்கிறது

என் வண்டியின் நோய் இது. இரண்டு கடைகளில் காட்டினேன். இரண்டிலும் மத்தியானம் அளந்தார்கள், இரண்டிலும் 30 மில்லி ஆம்பியர். “லீக் இல்ல, பேட்டரிதான்” என்று முடித்துவிட்டார்கள்.

மூன்றாவதாகக் கீழக்கரையில் வயதான ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்கள். கதை முழுக்கக் கேட்டார். “வண்டி எப்ப தம்பி சாகுது?” என்றார்.

“ராத்திரியில காக்கா. மீன் ஏத்தி இறக்கி நிறுத்தின பிறகு.”

“அளந்தது எப்ப?”

“மத்தியானம்.”

“மத்தியானம் அது உசுரோடதானே இருக்கு?”

மீட்டரைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின் பாடியில், ராத்திரி மீன் இறக்க வெளிச்சம் வேண்டும் என்று நான் போட்ட எல்இடி லைட்டைப் பார்த்தார். அதன் சுவிட்ச் பாடியின் பக்கத் தகட்டில், ஐஸ் பெட்டிக்குக் கீழே. பேட்டரியிலிருந்து நேரே வயர், நடுவில் ஃபியூஸ் கிடையாது. பெட்டியின் அடியில் தேங்கிக் கிடந்த மீன் தண்ணீரை ஒரு கப்பில் மொண்டு சுவிட்ச் மேல் ஊற்றினார். 30ல் நின்ற மீட்டர் 700ஐத் தாண்டி ஏறியது. எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் கப்பைக் கழுவப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். ஐஸ் உருகிய தண்ணீரில் மீனோடு வந்த கடல் உப்பு கலந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கரண்டைக் கடத்தும். சுவிட்சின் பின் முனையில் எப்போதும் 12 வோல்ட் நிற்கிறது. ஒரு விரல் தள்ளிப் பாடித் தகடு, அதாவது எர்த். நடுவில் உப்புத் தண்ணீர் பாலம் போட்டுவிட்டது. மத்தியானம் வெயிலில் தண்ணீர் காய்ந்து, பாலம் அறுந்து, வெறும் வெள்ளை உப்பு மட்டும் நிற்கும். சாயங்காலம் கடல் காற்று திரும்பினால் அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே நசநசத்துவிடும். மறுபடி பாலம். இதைச் சரியாகப் பிடிக்க வண்டியை அது சாகும் நேரத்தில், சாகும் கோலத்தில் அளக்க வேண்டும்: மீன் இறக்கிய கையோடு, கழுவாமல், ராத்திரி. அது முடியாவிட்டால் உப்புத் தண்ணீரை ஒவ்வொரு இடமாகத் தெளித்துப் பாருங்கள், சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

700 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடியிருக்காது. நனைந்து, காய்ந்து, நசநசத்து, சராசரியாக 400 என்று வைத்தாலும் சனிக்கிழமையிலிருந்து செவ்வாய் விடிகாலைக்குள் 25 ஆம்பியர் அவருக்கு மேல் போயிருக்கும். முக்கால்வாசி ஏறிய நிலையில் நின்ற பேட்டரிக்கு அது போதும். இப்படி அடிக்கடி வெறுமையாகும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் இறுகி அதன் கொள்ளளவும் குறையும். நான் மாற்றிய இரண்டும் அப்படிச் செத்தவைதான்.

இன்னொரு தடயமும் எனக்கு முன்பே இருந்தது, கவனிக்கவில்லை. அந்த எல்இடி லைட் அணைத்த பிறகும் கும்மிருட்டில் மினுமினுவென்று லேசாகத் தெரியும். நிலா வெளிச்சம் என்று நினைத்தேன். அணைத்த எல்இடி மினுக்கினால் சுவிட்சில் ஒழுகல் என்று பொருள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். பின் டெயில் லைட் கப்ளரில் பச்சைக் களிம்பைப் பார்த்ததும் ‘இதான் பேட்டரியைத் தின்னுது’ என்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கப்ளருக்கு விளக்கு போட்டால்தான், பிரேக் மிதித்தால்தான் கரண்ட் வரும். எல்லாம் அணைந்திருந்தால் அங்கே திருடுவதற்கே ஒன்றும் இல்லை. களிம்பால் லைட் மங்கும், அதற்காகச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி இறங்குவதற்குத் தேட வேண்டியது, சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் நிற்கும் வயர் எங்கெல்லாம் நனைகிறது என்பதை. டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பாடியில் மாட்டி, முனையை ஒவ்வொரு வயர் இணைப்பிலும் வைத்துப் போனால் அரை மணி நேர வேலை.

சரி செய்தது எப்படி? சுவிட்சைக் கேபினுக்குள் கொண்டுவந்தோம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். பின்னால் போகும் வயருக்குச் சாவியோடு சேர்ந்த ரிலேயிலிருந்து கரண்ட், ஆகவே நிறுத்திய வண்டியில் அந்த வயர் செத்தே கிடக்கும். இணைப்பில் வெறும் டேப் சுற்றவில்லை. டேப் உப்பை வெளியே விடாமல் உள்ளேயே காப்பாற்றும். சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை உருகும் உறை கிடைக்கிறது, அதைப் போட்டோம். வயரைக் கப்ளருக்கு மேலிருந்து நேரே இறக்காமல் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றினால் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

கழுவுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் வண்டியைக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுகிறோம். குடிக்கவே குடம் கணக்குப் பார்க்கிற ஊரில் வண்டிக்கு நல்ல தண்ணீர் என்றால் வீட்டில் சண்டைதான். நான் வயரிங் உள்ள இடங்களை மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீரில் துடைக்கிறேன், மிச்சத்துக்குப் போர் தண்ணீர். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. நம் பிக்கப்புகள் அங்கே போகாமலே அந்தச் சோதனையில் இருக்கின்றன.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் குறையவில்லை

அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்குள் வராத வழி. முதல் சந்தேகம் டைனமோ. பேட்டரியிலிருந்து டைனமோவுக்குப் போகும் தடித்த வயர் சாதாரண ஃபியூஸ் வழியாகப் போவதில்லை. கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டிய, உள்ளே இருக்கும் டயோடு ஒழுகினால் கரண்ட் திரும்பி டைனமோ வழியாகவே எர்த்துக்குப் போய்விடும். மைனஸைக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த வயரை அவிழ்த்து, முனையில் ரப்பர் உறை போட்டு, மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் டைனமோவைக் கழற்றி டயோடு பிளேட் மாற்ற வேண்டும். முழு டைனமோ வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் டைனமோ உடம்பு வெதுவெதுப்பாக இருந்தாலும் இதே முடிவுதான்.

டைனமோ இல்லை என்றால் செல்ஃப் மோட்டார் வயர், அப்புறம் பேட்டரி முனையில் யாராவது நேரே கட்டிய வயர்கள். என் வண்டியில் இப்படி மூன்று வயர் இருந்தன. ஒன்று எதற்கென்று இன்றுவரை தெரியாது. வெட்டிவிட்டேன், வண்டி ஓடுகிறது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எடுத்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் மட்டும் ஏற்றுகிறவர்களுக்கு ஓட்டம் குறையும், விசைப்படகை நம்பியிருக்கும் வண்டிகள் வேப்ப மரத்தடியில் நிற்கும். இங்கே எந்தக் கோளாறும் தேவையில்லை. 50 மில்லி ஆம்பியர் வழக்கமான செலவே 61 நாளில் 73 ஆம்பியர் அவர் ஆகிவிடும். 75 ஆம்பியர் அவர் பேட்டரிக்குக் கணக்கு முடிந்தது. அதோடு சித்திரை வெயிலில் பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடும்.

வண்டியை நிறுத்தும் அன்றே முழுசாகச் சார்ஜ் ஏற்றி மைனஸைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் மேல்மூடியையும் கவனியுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை மைனஸ் கட்டையில் வைத்து, சிவப்பு முனையால் பிளாஸ்டிக் மூடியைத் தடவினால் சில பேட்டரிகளில் வோல்ட் காட்டும். உப்பும் ஆசிட் பிசுபிசுப்பும் சேர்ந்து மூடியிலேயே ஒழுகுகிறது. ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், மூடித் துளைக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, டெர்மினலில் வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் தகடு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர்; குழாய்த் தண்ணீர் கூடாது, இங்கே அதிலும் உப்பு.

மே மாத நடுவில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். 12.4க்குக் கீழே இருந்தால் ஒரு ராத்திரி சார்ஜரில் போடுங்கள். மைனஸ் கழற்றியே இருந்தும் வேகமாக இறங்குகிறது என்றால் பேட்டரிக்குள்தான் கோளாறு. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறையையும் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த அறை போய்விட்டது. அப்போது தயங்காமல் புதுப் பேட்டரி வாங்கலாம்.

ஜூன் 14 சாயங்காலமே மைனஸைப் பூட்டி ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள். ரேடியோவில் நேரம் மாறியிருக்கும். சில ரேடியோ ரகசிய எண் கேட்கும், அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.